நல்ல தண்ணீரில் கால் கழுவியவன்

வாருங்கள் தம்பி, அமருங்கள். மாடிக்குப் பிறகு போகலாம். சாவி என்னிடம்தான் இருக்கிறது. அதற்கு முன் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. தாங்கள் வீடு பார்க்க வந்தவரா, வேடிக்கை பார்க்க வந்தவரா? கோபித்துக்கொள்ளாதீர்கள். சென்ற ஆண்டில் இந்த வாசலுக்கு வந்தவர்களில் பலர், வாடகைக்கு வீடு இருக்கிறதாமே என்றுதான் பேச்சைத் தொடங்கினார்கள். மாடிப்படியைக் கண்டதும் அதன்மேல் உட்கார்ந்து, செல்பேசியை நீட்டித் தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொண்டு, அட்வான்ஸ் எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் போய்விட்டார்கள்.

வீடு பார்க்கவே வந்ததாகச் சொல்கிறீர்கள். ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால், அந்த வீட்டில் தங்களுக்கு முன் குடியிருந்தவர்கள் எப்படிப்பட்டவர்கள், எனக்கு அவர்கள் இழைத்த அநீதி யாது என்பதைத் தாங்கள் அறிந்துகொள்ள வேண்டும். பிறகு வேறு யாரோ சொல்லித் திரிபாகக் கேட்கக் கூடாது.

என் பெயர் ஆறுக்குட்டி. இந்தச் சிங்காநல்லூரில் பஞ்சாலை ஒன்றில், ஸ்பின்னிங் பகுதியில், ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தேன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் என் தமிழை யாரும் குறை சொல்ல முடியாது. மில் வாசலுக்கு எதிரே படிப்பகம் ஒன்று இருந்தது. காலை ஷிப்டுக்கு முன்னால், படிக்கத் தெரியாத தோழர்களுக்குச் செய்தித்தாளை உரக்கப் படித்துக் காட்டுவது என் பொறுப்பு. தலையங்கத்தில் தொடங்கி இரங்கல் செய்தி வரையில் ஒரு வரி விடமாட்டேன். இன்று நான் பேசுவது அங்கே பழகிய தமிழ். குரலோ, ஓடுகிற இயந்திரங்களுக்கு மேலே பேசிப் பேசித் தானாக அமைந்தது. நான் சாதாரணமாகப் பேசினாலே நான்கு வீடு தள்ளிக் கேட்கும். அதற்குப் பெயர் கத்துவது அன்று. இதனைத் தாங்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

உள்ளே சமையலறையில் இருப்பவள் என் மனைவி மயிலாத்தாள். நாம் பேசுவதெல்லாம் அவளுக்குக் கேட்கும். இடையிடையே ஏதாவது சொல்வாள். பொருட்படுத்த வேண்டாம்.

மேற்படி ஆசாமிகள் நால்வர். கணினி நிறுவனத்தில் வேலை என்றார்கள். அதில் பொய் இல்லை, வேலையும் இருந்தது. சாமான் இறக்கிய அன்றுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. கட்டில் இல்லை, பாத்திரம் இல்லை. கறுப்புப் பெட்டிகள்தாம் வந்தன, ஒவ்வொன்றும் ஆள் நீளத்துக்கு. அவற்றைத் தொடர்ந்து மத்தளங்கள். கோயில் மத்தளம் அல்ல. காலால் உதைத்து அடிப்பது. எவனாவது வாத்தியத்தைக் காலால் உதைப்பானா? ராக் இசைக் குழுவாம். குழுவின் பெயர் 'பழைய இரும்பு'. பெயர் பொருத்தம்தான். இரும்புக் கடைக்குள் லாரி புகுந்தால் எழும் ஓசையை இவர்கள் பாட்டு என்கிறார்கள்.

அவர்களில் இருவரைத் தங்களுக்குச் சொன்னால் போதும். பாடுகிறவன் சிபி, பொள்ளாச்சிக்காரன், கொஞ்சம் மரியாதை தெரிந்தவன் என்று நான் அப்போது நினைத்திருந்தேன். மத்தளத்தை உதைப்பவன் ஆல்வின், கோத்தகிரியிலிருந்து வந்தவன். அவன் என்னை அங்கிள் என்று கூப்பிட்டான். ஐயா என்று கூப்பிடு என்றேன். சரி அங்கிள் என்றான்.

அன்றே காலி செய்யச் சொல்லியிருப்பேன். மயிலாத்தாள்தான் குறுக்கே விழுந்தாள். "சின்னப் பசங்க, போச்சாது உடுங்க. ஊடு பொணமாட்டம் கெடக்கறதுக்கு ரெண்டு சத்தம் கேட்டா நல்லதுதானுங்க" என்றாள். எனவே ஞாயிற்றுக்கிழமை பகலில் மட்டும் வாசிக்கலாம் என்று அனுமதித்தேன். அதையும்விட முக்கியமான நிபந்தனை ஒன்றை விதித்தேன். அது தண்ணீரைப் பற்றியது.

தாங்கள் எந்த ஊர்? சென்னையா? அப்படியானால் தங்களுக்கும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் கோயம்புத்தூரில் தண்ணீர் இரண்டு வகை. ஆழ்குழாயில் வருவது உப்புத் தண்ணீர். குளிக்க, துவைக்க, கழுவ அது. சிறுவாணியிலிருந்து வருவது நல்ல தண்ணீர். குடிக்க, சமைக்க இது. நல்ல தண்ணீர் தினமும் வராது. வருகிற நாளில் பிடித்துத் தனித் தொட்டியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். மாடியில் இரண்டு குழாயும் அடுத்தடுத்து இருக்கும். நானே கையைப் பிடித்துக் கூட்டிப் போய் நால்வருக்கும் காட்டினேன். வலப்பக்கம் உப்பு, இடப்பக்கம் நல்லது. நால்வரும் தலையாட்டினார்கள். ஆல்வின் மட்டும், "ரெண்டும் தண்ணிதானே அங்கிள்" என்றான். மலையில் பிறந்தவன். திரும்பின பக்கமெல்லாம் ஊற்று. அவனுக்கு எப்படி விளங்கும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெயில் காலம். நல்ல தண்ணீர் வந்து ஒரு வாரத்துக்கு மேலாகிவிட்டது. தொட்டியில் பாதி இருக்கிறதே என்ற நிம்மதியில் நான் பின்பக்கம் போகிறேன். மாடிச் சாக்கடைக் குழாய் வழியே சோப்பு நுரை இறங்கி வருகிறது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு இல்லை. படியில் ஈரக் கால் தடம், மேலேறிப் போகிறது.

நான் படியின் கீழே நின்றேன். என்ன சொன்னேன் என்பது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது.

"நல்ல தண்ணீரில் கால் கழுவியவன் யார்? முன்னே வா. ஒளிந்து நிற்பதில் பயனில்லை. ஈரம் உன்னைக் காட்டிக்கொடுக்கும்."

இவ்வளவுதான். இதை மும்முறை சொன்னேன். யாரும் இறங்கி வரவில்லை. மேலே வாசிப்பு நின்றது. சற்று நேரத்தில் மறுபடி தொடங்கிற்று. சரி, வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டார்கள் என்று எண்ணி நான் மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டேன்.

அன்று அவர்கள் தங்கள் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? சன்னலையெல்லாம் மெத்தை வைத்து அடைத்து, மைக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். மதியம் வரை சத்தம் வேண்டாம் என்று மயிலாத்தாளிடம் சொல்லியும் இருக்கிறார்கள். அவள் என்னிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு கேட்டபோது, "சொல்லியிருந்தா, சத்தம் போடலியே, சத்தம் போடலியேன்னு நீங்க நாலு தரம் மேல போயி சத்தமாச் சொல்லியிருப்பீங்க" என்றாள்.

மெத்தையைத் துளைத்துக்கொண்டு என் குரல் உள்ளே போயிருக்கிறது. அதை அழிக்காமல், அதற்கு முன்னும் பின்னும் தங்கள் இடிமுழக்கத்தை வைத்து, ஒரு பாட்டாக ஆக்கிவிட்டார்கள்.

சிரிக்கிறீர்கள். அப்படியென்றால் தங்களுக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாதவர் யார் இருக்கிறார்கள்?

எனக்குத்தான் கடைசியில் தெரிந்தது. ரேஷன் கடை வரிசையில் நிற்கிறேன். பில் போடுகிற பையன் என்னைப் பார்த்ததும், "ஐயா, நல்ல தண்ணீர்ல கால் கழுவுனவன் ஆருங்க?" என்றான். வரிசை முழுக்கச் சிரித்தது. என்ன செய்தி என்று எனக்குப் புரியவில்லை. மறுநாள் பேருந்தில், படியில் தொங்கிய மாணவர்களைப் பார்த்து நடத்துநர், "முன்னே வா, ஒளிந்து நிற்பதில் பயனில்லை" என்கிறார். அதற்கும் சிரிப்பு. ஒரு கல்யாணத்தில் கை கழுவும் இடத்தில் நின்ற கூட்டம் முழுவதும் சேர்ந்து கத்துகிறது. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் மேடையில் ஏறி, ஈரம் உன்னைக் காட்டிக்கொடுக்கும் என்று ஆளுங்கட்சியை எச்சரிக்கிறார். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் கட்டுரை எழுதியிருந்தாராம், நல்ல தண்ணீர் என்றால் நொய்யல் ஆறு என்று. இன்னொருவர், அது தாய்மொழி என்றாராம். எனக்கு அது தண்ணீர். தொட்டியில் இருந்தது, காலில் போயிற்று.

ஆல்பத்தின் பெயர் 'மேல்மாடி'. ஒன்பது பாட்டு. மற்ற எட்டும் யாருக்கும் நினைவில்லை என்று நான் சொல்லவில்லை; ரேஷன் கடைப் பையன் சொன்னான். முதல் மாதத்திலேயே இருபது லட்சம் பேர் கேட்டார்களாம். செல்பேசியில் மட்டும் அல்ல, பழைய காலத்து இசைத்தட்டு போலவும் கறுப்பாகப் பெரிதாக அச்சடித்து விற்றார்கள், அதுவும் தீர்ந்துபோயிற்று. பம்பாயிலிருந்து கம்பெனிக்காரர்கள் காரில் வந்து இந்தத் தெருவில் நிறுத்த இடமில்லாமல் திண்டாடினார்கள். பிறகுதான் படம் எடுக்கிற கூட்டம். வாசலில் நின்று, ஐயா ஒருமுறை சொல்லுங்கள், ஒரே ஒருமுறை, என்று தொல்லை. நாகரிகம் கருதி நான் சொல்வதுண்டு. சிலருக்கு மட்டும்.

"அஞ்சு மணியானா சட்டையத் தேச்சுப் போட்டுக்கிட்டு வாசல்கிட்டப் போயி நின்னுக்குவாருங்க தம்பி. ஆருமே வரலைன்னா ரோட்ட எட்டி எட்டிப் பாப்பாரு."

பார்த்தீர்களா? இதைத்தான் பொருட்படுத்த வேண்டாம் என்றேன். மாலையில் காற்று வாங்க நிற்பது குற்றமா?

இனிமேல்தான் அநீதி வருகிறது. சிபியும் ஆல்வினும் ஒருநாள் மைசூர்பாகு டப்பாவோடு, அந்த இசைத்தட்டு ஒன்றையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்கள். அட்டையில் இந்த மாடிப்படி. கீழ்ப்படியில் என் செருப்பு. திருப்பிப் பார்த்தேன். கிதார் இன்னார், மத்தளம் இன்னார், பாட்டு இன்னார். ஒலிப்பதிவுக்கு உதவியவன், தேநீர் வாங்கி வந்தவன், எல்லார் பெயரும் தகப்பன் பெயரோடு. அடியில், கடைசி வரியில், பொடி எழுத்தில் இப்படி அச்சடித்திருந்தது:

'கத்தல்: ஹவுஸ் ஓனர்.'

"இது என்ன?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு நன்றி சொல்லியிருக்கோங்க ஐயா" என்றான் சிபி.

"இந்தச் சொல் என்ன என்று கேட்டேன்."

"கத்தல்ங்க. அதாவது வந்துங்க, உங்க வாய்ஸு."

ஆல்வின் குறுக்கே புகுந்தான். "செமக் கத்து அங்கிள் அது. சென்னைல சவுண்ட் இன்ஜினியர் கேட்டுட்டு, யாருப்பா இந்த நடிகர்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னாய்?"

"எங்க ஹவுஸ் ஓனர்னு சொன்னேன் அங்கிள்."

படிப்பகத்தில் நூறு பேர் வாய் திறக்காமல் கேட்ட குரலுக்குப் பெயர் கத்தல். அந்தக் குரலுக்கு உரியவனுக்குப் பெயர் ஹவுஸ் ஓனர். தேநீர் வாங்கி வந்தவனுக்குத் தகப்பன் பெயர்கூட உண்டு. இசைத்தட்டைச் சிபியின் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். மைசூர்பாகை மயிலாத்தாள் வாங்கிக்கொண்டாள். மறுநாள் காலையில் வழக்கறிஞரைப் பார்த்தேன். அனுமதியின்றி என் குரலைப் பயன்படுத்தியது சட்ட விரோதம், உடனடியாக நீக்க வேண்டும், தவறினால் நீதிமன்றம். வாசகத்தைப் பெரும்பாலும் நானே சொன்னேன். வழக்கறிஞர் சில இடங்களில் குறைத்துக்கொண்டார்.

நோட்டீஸ் மாடிக்குப் போன அன்று மாலையே சிபி இறங்கி வந்தான். நின்றபடியே பேசினான்.

"ஐயா, எடுக்கச் சொன்னா எடுத்தர்றோங்க. ஆனா அது போச்சுன்னா பாட்டே போச்சுங்க. உங்க கொரல் இல்லாம அது வெறும் சத்தம். கொஞ்சம் மனசு வைங்க."

"முடியாது" என்றேன்.

"சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு அவன் படியேறிப் போனான்.

கேட்டீர்களா? சரிங்கய்யா. அவ்வளவுதான். தம்பி, எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைத் தங்களுக்குச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடுங்கள் என்று அழைத்தால், அவர் வேண்டாம் என்பார். பட்டினியாக வந்தவரும் வேண்டாம் என்றுதான் சொல்வார். அது மறுப்பு அன்று, மரியாதை. மறுபடி அழைக்க வேண்டும். அப்போதும் இப்போதுதான் சாப்பிட்டேன் என்பார். மூன்றாம் முறை கையைப் பிடித்து உட்கார வைத்து, இலையைப் போட்டு, சோற்றைப் போட்டுவிட வேண்டும். முதலில் சொன்ன 'வேண்டாம்' என்பதை மெய்யென்று எடுத்துக்கொண்டு அடுப்பை அணைக்கிறவன் வீட்டில் யாராவது கால் வைப்பார்களா? சிபி பொள்ளாச்சிக்காரன். அவனுக்கு இது தெரியாதா? கோத்தகிரியானை விடுங்கள்.

மறுநாள் மறுபடி வருவான் என்று எதிர்பார்த்தேன். காப்பிக்குப் பால் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன். அவன் இரண்டாம் முறை கேட்டால் சொல்லவேண்டிய வாசகத்தையும் ஆயத்தமாக வைத்திருந்தேன்: 'குரல் என்ற தலைப்பில் என் பெயர் முழுமையாக இடம்பெறுமாயின், இதனைப் பரிசீலிப்பதில் எனக்குத் தடையில்லை.' எவ்வளவு கண்ணியமான வாசகம் பாருங்கள். அதைக் கேட்க ஆள் வரவில்லை.

"வக்கீல் நோட்டீஸ் உட்டுப்போட்டு, மறுக்கா வந்து கெஞ்சட்டும்னு பால் எடுத்து வெச்ச மனுசன் நீங்க ஒருத்தருதானுங்க. அந்தப் பசங்க பயந்துக்கிட்டு அன்னிக்குப் பொறவு நல்ல தண்ணியக் குடிக்கக்கூட எடுக்கல. கேன் வாங்கிக் குடிச்சானுக."

இது எனக்குத் தெரியாது என்று இல்லை. கேன் மேலே போவதைப் பார்த்தேன். நான் என்ன குடிக்காதே என்றா சொன்னேன்?

அந்த வாரமே என் குரலை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள். கம்பெனி அப்படி ஒரு வேகம் காட்டியது. பாட்டு போய்விடும் என்றானே, போகவில்லை. சென்னையில் குரல் கொடுப்பவன் ஒருவனை அமர்த்தி, என் வாசகத்தை அப்படியே சொல்ல வைத்தார்கள். வாசகத்தையும் நீக்கச் சொல்ல வழக்கறிஞர் மறந்துவிட்டார். நகைக்கடை விளம்பரத்தில் தாலிக்கு முன்னால் பேசுகிற குரல் அது. தொண்டைக்கு நெய் பூசியவன். 'நல்ல தண்ணீரில்' என்று அவன் சொல்லும்போது, யாரோ அவனுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்ததுபோல் இருக்கிறது. கோபம் எங்கே? வாரக்கணக்கில் காத்திருந்து பிடித்த தண்ணீர் நுரையாகப் போவதைப் பார்த்தவன் பேச்சா அது? அவன் வாழ்நாளில் உப்புத் தண்ணீரில் பல் விளக்கியிருப்பானா?

பாட்டு முன்னிலும் அதிகமாக ஓடியது. ஆண்டின் சிறந்த புதிய ஆல்பம் என்று தொலைக்காட்சியில் விருது கொடுத்தார்கள். நால்வரும் மேடையில் நின்றார்கள். நெய்த்தொண்டையும் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்று, அந்த நான்கு வரியைச் சொன்னான். அரங்கம் எழுந்து கைதட்டியது. திரையின் அடியில் எழுத்து ஓடியது. 'குரல்: நிரஞ்சன் வேதமூர்த்தி.' தகப்பன் பெயரோடு. கத்தல் இல்லை. குரல்.

பிறகு அவர்கள் சென்னைக்கே போய்விட்டார்கள். நான் காலி செய்யச் சொல்லவில்லை; தாங்களாகவே போனார்கள். போகிற அன்று ஆல்வின் மயிலாத்தாளைக் கட்டிக்கொண்டு அழுதான் என்று சொன்னாள். என்னையும் தேடினானாம். மோட்டாரில் ஏதோ கோளாறு. நான் பின்பக்கம் இருந்தேன். என்ன கோளாறு என்று இப்போது நினைவில்லை.

வாசலுக்கு இப்போது யாரும் வருவதில்லை. சென்ற வாரம் ரேஷன் கடைக்குப் போனேன். பையன் யாரிடமோ அந்த வரியைச் சொல்லிக்கொண்டிருந்தான், நெய்த்தொண்டையைப் போலவே இழுத்து. எனக்குப் பொறுக்கவில்லை. அப்படியன்று, இப்படி என்று நான் சொல்லிக் காட்டினேன். வரிசையில் எல்லாரும் கேட்டார்கள். பையன் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்குதுங்கய்யா. ஆனா ஒரிஜினல் மாதிரி வரலீங்க" என்றான்.

அரிசி வாங்காமல் திரும்பிவிட்டேன்.

ஆகவே தம்பி, வீட்டைத் தங்களுக்குக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வாத்தியம் ஏதும் வாசிக்க மாட்டீர்கள் அல்லவா? நல்லது. சத்தம் இல்லாமல் இருந்தால் போதும். இப்போதே மாடியில் சத்தம் என்று எதுவும் இல்லை. மின்விசிறி சுற்றுவதுகூட இல்லை. மயிலாத்தாள் பகலில் மேலே போய்க் கூட்டிவிட்டு வருகிறாள். கூட்ட ஒன்றும் கிடையாது, போகிறாள்.

என்ன? தங்கள் செல்பேசியிலா? பழையதா?

வெளிவந்த வாரமே இறக்கி வைத்துக்கொண்டீர்களா? அதை அவர்கள் எடுத்த பிறகும் தங்களிடம் இருக்கிறதா? என் குரலோடு? முழுதும் இருக்கிறதா, மூன்று முறையும்? நான் அதை இதுவரை முழுதாகக் கேட்டதில்லை. அடுத்தவர் வாயால் கேட்டதுதான். நோட்டீஸ் விட்டவன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்? பிறகு கேட்கலாம் என்றிருந்தபோது எங்கும் இல்லை.

எனக்கு அனுப்பவா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம் தம்பி. எனக்கு எதற்கு அது? வேண்டாம்.

எழுந்துவிட்டீர்கள். ஆம், மாடியைப் பார்க்க வேண்டும் அல்லவா. இதோ சாவி. இரண்டு அறை, ஒரு சமையலறை, காற்று நன்றாக வரும். செல்பேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டீர்கள். அதனால் ஒன்றுமில்லை. தாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

தம்பி, நில்லுங்கள். சற்று முன் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். நான் வேண்டாம் என்றேன். தாங்கள் சென்னை, தங்களைக் குறை சொல்ல முடியாது.

இன்னொரு முறை கேளுங்கள்.